மணிக்கல் இழைத்தல்: ஓய்வு நேரத்துக்கு ஓர் உபதொழில்

மழையை நம்பி மேட்டு நிலத்தில் பயிர் செய்யும் உழவருக்கு ஆண்டு முழுவதும் வேலை இருப்பதில்லை. அறுவடை முடிந்து களம் ஒழிந்தபின், அடுத்த மழை வரும்வரை கைகள் ஓய்ந்திருக்கின்றன. குடும்பச் செலவு மட்டும் ஓய்வதில்லை. இந்த இடைக்காலத்தில் வீட்டிலிருந்தபடியே செய்யத் தக்க கைத்தொழில்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்றாகிய மணிக்கல் இழைத்தலைப் பற்றி இக்கட்டுரையில் கூற விரும்புகிறோம்.

இத்தொழிலைப் பற்றி இரு வகையான தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. விலையுயர்ந்த இயந்திரங்கள் இன்றி இதனைத் தொடங்கவே இயலாது என்பது ஒன்று. கல்லைத் தேய்ப்பதில் என்ன தீங்கு வந்துவிடப் போகிறது என்னும் அலட்சியம் மற்றொன்று. முதல் எண்ணம் ஏழை உழவரைக் கடனில் ஆழ்த்தக் கூடியது. இரண்டாவதோ அவருடைய நுரையீரலையே அழிக்கக் கூடியது. இவ்விரண்டையும் நீக்கி, குறைந்த செலவிலும் பாதுகாப்பாகவும் இதனைத் தொடங்கும் வழியைக் காட்டுவதே நம் நோக்கம்.

நம் மண்ணும் மணிக்கல்லும்

தமிழ்நாட்டில் மணிக்கல் தொழில் புதியதன்று. ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணல் என்னும் ஊரில், 1985-ஆம் ஆண்டு முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழாய்வு நடத்தினர். அங்கே பளிங்கு, சூதுபவளம், நீலம், பெரில் முதலிய கற்களாலான மணிகள் கிடைத்தன. முழுமையாக இழைத்த மணிகளோடு, பாதி வேலை முடிந்த மணிகளும், வேலை தொடங்காத மூலக் கற்களும் உடன் கிடைத்தமையால், ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவ்வூர் ஒரு தொழிற்கூடமாக விளங்கியது என்பது உறுதியாயிற்று. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் இதுவே என்பது அறிஞர் கொள்கை.

காங்கேயம், கரூர் வட்டாரங்களில் இன்றும் சந்திரகாந்தக் கல்லும், கடல்நீர் நிறமுடைய பெரிலும், பளிங்கு வகைகளும் கிடைக்கின்றன. காங்கேயத்தை அடுத்த படியூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரில் தோண்டியெடுக்கப்பட்டது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியில் குருந்தக்கல் கிடைக்கிறது. மாணிக்கமும் நீலமும் இந்தக் குருந்தத்தின் வகைகளே. உலகெங்கும் வழங்கும் ‘கொரண்டம்’ என்னும் பெயர் தமிழ்க் ‘குருந்தம்’ என்ற சொல்லிலிருந்தே பிறந்தது. திருச்சிராப்பள்ளியிலும் அதன் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் வேலை நெடுங்காலம் குடிசைத் தொழிலாக நடந்து வந்திருக்கிறது. ஆகவே மூலப்பொருளும், தொழில் மரபும் நமக்கு அயலானவை அல்ல.

ஆயினும் ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கல் இருக்கிறது என்பதற்காக நிலத்தைத் தோண்டிவிடலாகாது. கனிமங்கள் பற்றிய 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய உரிமமோ குத்தகையோ இன்றிக் கனிமம் தோண்டியெடுப்பது குற்றமாகும். தொழில் கற்பவர்க்கு வேண்டிய கல் கைப்பிடி அளவே. அதனை விற்பனையாளரிடம் பட்டியலுடன் வாங்கிக் கொள்வதே முறை.

குமிழ்க்கல் என்பது யாது?

மணிக்கற்களை உருவாக்கும் முறைகள் இரண்டு. ஒன்று பட்டை தீட்டுதல். மற்றொன்று குமிழாக இழைத்தல். பட்டை தீட்டுவதற்குக் கோணங்களைப் பிழையின்றி அளந்து அமைக்கும் கருவி வேண்டும். குமிழாக இழைப்பதற்கோ கண்ணும் கையும் பொறுமையும் போதும். மேற்புறம் குவிந்தும், அடிப்புறம் தட்டையாகவும், விளிம்பு வட்டமாகவோ நீள்வட்டமாகவோ அமைந்தும், முழுவதும் வழவழப்பாக இருக்கும் கல்லே குமிழ்க்கல். பாதியாகப் பிளந்த துவரம் பருப்பை மனத்தில் கொண்டால் அதன் வடிவம் விளங்கும். வியாபாரிகள் இதனைக் ‘கபோஷான்’ என்பர். அது தலை எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது.

ஒளி ஊடுருவாத கற்களும், உள்ளே ஒளி தவழும் கற்களும் இவ்வடிவத்திலேயே அழகு பெறும். சந்திரகாந்தக் கல்லின் நிலவொளியும், வைடூரியத்தின் பூனைக்கண் கோடும் பட்டை தீட்டினால் மறைந்துவிடும். குமிழாக இழைத்தால் மட்டுமே வெளிப்படும்.

முதற்கண் ஓர் எச்சரிக்கை

செய்முறையைச் சொல்லுமுன் தீங்கைச் சொல்லுவது நம் கடமை. மணிக்கற்களில் பெரும்பாலானவை சிலிகா என்னும் பொருள் கொண்டவை. இவற்றை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசியில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்கள் மிகுதி. மூக்கில் தங்கும் பெரிய துகளைத் தும்மி வெளியேற்றிவிடலாம். நுண்துகளோ நுரையீரலின் அடியாழம் வரை சென்று தங்கி, அங்கே வடுக்களை உண்டாக்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல மூச்சு விடுவதே பெரும்பாடாகிறது. சிலிகோசிஸ் எனப்படும் இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. இது கண்டவர்க்குக் காசநோய் பற்றும் வாய்ப்பும் மிகுதி.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. குஜராத் மாநிலத்துக் கம்பாத் நகரம் அகேட் கல் வேலைக்குப் பல நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்றது. அங்கே வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் கல்லை உலரத் தேய்த்து வந்த தொழிலாளர் பலர் இந்நோய்க்கு ஆளானதை மருத்துவ ஆய்வுகள் எடுத்துக் காட்டின. தொழிலில் ஈடுபடாமல் அருகே குடியிருந்தோரும் அத்தூசிக்கு உள்ளாக நேர்ந்தது. தேய்ப்பவர் ஒருவர், மூச்சு விடுபவரோ வீட்டிலுள்ள அனைவரும்.

நாம் முதன்முதலில் இத்தொழிலைப் பயின்றபோது, அறியாமையால் ஒரு பளிங்குத் துண்டைத் திண்ணையில் அமர்ந்து உலரவே தேய்த்தோம். ஒரு மணி நேரம் சென்றபின் எழுந்து பார்த்தால், உள்ளே கூடத்தில் இருந்த குடிநீர்ப் பானையின் மூடிமீது மாவு தூவினாற்போல் வெள்ளைப் படலம் படிந்திருந்தது. திண்ணையிலிருந்து பானை வரை சென்ற தூசி எத்தனை மூக்குகளின் வழியாகச் சென்றிருக்கும் என்று எண்ணியபோது உடல் நடுங்கிற்று. அன்று முதல் நீரின்றிக் கல்லைத் தொடுவதில்லை என்று உறுதி கொண்டோம். இக்கட்டுரையைப் படிப்போரும் பின்வரும் விதிகளை உறுதியாகக் கொள்ள வேண்டுகிறோம்.

கல்லும், தேய்க்கும் பரப்பும் எப்போதும் நனைந்தே இருத்தல் வேண்டும். நீர் தேய்ப்பின் சூட்டைத் தணிப்பதோடு தூசியையும் அடக்குகிறது. வேலை முடிந்தபின் சிந்திய சேற்றை உலர விடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். உலர்ந்த சேறு மீண்டும் தூசியே. துடைப்பத்தால் பெருக்கலாகாது. வேலைக்கு அணிந்த துணியை வீட்டினுள் உதறலாகாது. கழுவிய நீரைத் தொட்டியில் தெளிய வைத்து, அடியில் தங்கிய வண்டலை ஈரத்துடனேயே கிணற்றுக்கு அப்பால் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். சமையலறை, படுக்கும் இடம், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகிய மூன்றிலும் இவ்வேலை கூடவே கூடாது. முகத்தில் கட்டிக்கொள்ளும் துண்டு நுண்துகளைத் தடுக்காது. இயந்திரத்தில் வேலை செய்வோர் நீரைப் பயன்படுத்துவதோடு, நுண்தூசியைத் தடுக்கும் தரமான முகக்கவசமும் அணிதல் வேண்டும்.

வேண்டிய பொருள்கள்

கையால் கற்றுக்கொள்பவருக்குப் பின்வரும் பொருள்கள் போதும். ஓரம் மழுக்கிய தடித்த கண்ணாடித் துண்டு அல்லது தட்டையான இரும்புத் தகடு ஒன்று, கார்போரண்டம் எனப்படும் சிலிகான் கார்பைடுப் பொடியில் 80, 220 எண்ணுடைய இரு வகை, நீரில் நனைத்துத் தேய்க்கத் தக்க வாட்டர் பேப்பரில் 400, 600, 1200 எண்ணுடைய மூன்று வகை, அரக்கு சிறிதளவு, விரல் பருமனில் அரை அடி நீளமுள்ள மூங்கில் குச்சிகள் சில, ஒரு சிறு விளக்கு, செருப்புத் தைப்பவரிடம் கிடைக்கும் தோல் துண்டு ஒன்று, மெருகுக்குச் சீரியம் ஆக்சைடு என்னும் பொடி சிறிதளவு, மூன்று நீர்ப் பாத்திரங்கள். கண்ணைக் காக்க ஒரு கண்ணாடியும் வேண்டும்.

பொடிகளின் எண்ணைப் பற்றிச் சிறிது விளக்குவோம். மாவு சலிக்கும் சல்லடையில் ஓர் அங்குல நீளத்துக்குள் எத்தனைக் கண்கள் உள்ளனவோ அதற்கேற்ப மாவின் நயம் அமைகிறது. இப்பொடிகளின் எண்ணும் அவ்வாறு சல்லடைக் கண்களைக் கொண்டே தோன்றியது. எனவே எண் சிறியதாயின் பொடி பருமன். எண் பெரிதாயின் பொடி நயம்.

முற்காலத்தில் நம் நாட்டுச் சாணைக்காரர் குருந்தப் பொடியை அரக்கோடு உருக்கிச் சேர்த்து வட்டச் சாணை செய்து, வில்லின் நாணைச் சுற்றி இழுத்துச் சுழற்றி வேலை செய்தனர். தத்துவம் ஒன்றே. மென்மையான பொருளைக் கடினமான பொருள் தேய்க்கும்.

கல்லைத் தேர்ந்தெடுத்தல்

கற்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்டு வரிசைப்படுத்தும் வழக்கத்தை 1812-ஆம் ஆண்டில் மோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் தொடங்கி வைத்தார். சுண்ணக்கல் மூன்று, சந்திரகாந்தக் கல் ஏறக்குறைய ஆறு, பளிங்கு ஏழு, குருந்தம் ஒன்பது, வைரம் பத்து. கண்ணாடியும் கத்தியும் ஏறக்குறைய ஐந்தரை. ஆதலால் கண்ணாடியின்மேல் அழுத்திக் கீறினால் கீறல் விழச் செய்யும் கல்லே நகைக்கு ஏற்றது. அவ்வாறு கீறாத கல் நாளடைவில் தூசி பட்டே மங்கிவிடும்.

முதற்பயிற்சிக்குப் பளிங்கு இனத்தைச் சேர்ந்த கல்லே நன்று. நம் ஊர்களில் வெங்கச்சங்கல் என வழங்கும் வெண்கல்லும் இவ்வினமே. அகேட், ஜாஸ்பர் முதலியன விலை குறைந்தவை. ஓரளவு சூட்டையும் தாங்குபவை. கல்லை நீரில் நனைத்து வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். நீர் உலரும்போது மற்ற இடங்கள் உலர்ந்தபின்னும் கோடாக ஈரம் நின்றால், அங்கே வெடிப்பு உண்டு என்று அறியலாம். அக்கல் பாதி வேலையில் பிளக்கும். பச்சை நிற மாலகைட் போன்று செம்பு கலந்த கற்களின் தூசி நஞ்சுடையது. தொடக்கநிலையினர் அவற்றைத் தொடாதிருப்பதே நன்று.

கல்லைப் பலகையாக அறுக்க வைரத்தூள் பதித்த வாள் வேண்டும். அதனைத் தொடக்கத்தில் வாங்குதல் வீண். அறுத்துத் தரும் பட்டறையில் கூலி கொடுத்து, ஐந்து அல்லது ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள பலகைகளாக வாங்கிக் கொள்ளலாம்.

செய்முறை

முதலில் அடிப்புறத்தைத் தட்டையாக்க வேண்டும். கண்ணாடித் துண்டின்மேல் 80 எண் பொடியை ஒரு சிட்டிகை தூவி, ஒரு கரண்டி நீர் விட்டு, கல்லை வட்டமாகத் தேய்க்க வேண்டும். பொடி கரகரவென்று ஒலிக்கும். ஒலி அடங்கினால் பொடி தேய்ந்துவிட்டது என்று பொருள். புதுப்பொடி சேர்த்துக் கொள்ளலாம். அடிப்புறம் சமமானபின் 220 எண் பொடியால் தேய்த்து நயமாக்க வேண்டும்.

இரண்டாவது, வடிவம் வரைதல். தகரத் தகட்டில் 25 மில்லிமீட்டர் நீளமும் 18 மில்லிமீட்டர் அகலமும் உள்ள நீள்வட்டத் துளை வெட்டி, அதனை அச்சாக வைத்துக் கல்லின் அடியில் கோடு வரைய வேண்டும். பென்சில் கோடு நீரில் அழியும். அலுமினியக் கம்பியின் கூர்முனையால் வரைந்த கோடு அழியாது. விருப்பம்போல் அளவு வைத்துக் கொள்ளலாகாது. தட்டார் கல்லைப் பதிக்கும் கூடுகள் பெரும்பாலும் குறித்த அளவுகளிலேயே ஆயத்தமாக வருகின்றன. அவ்வளவுக்கு ஒத்துவராத கல் எவ்வளவு அழகாயினும் வாங்குவோர் குறைவு.

மூன்றாவது, விளிம்பை உருவாக்குதல். கோட்டுக்கு வெளியே உள்ள பகுதியைக் குறட்டால் சிறிது சிறிதாக நறுக்கி நீக்கிவிட்டு, மீதியைப் பொடியில் தேய்த்துக் கோடுவரை கொண்டுவர வேண்டும். நறுக்கும்போது சில்லுகள் தெறிக்கும். கண்ணாடி அணியாமல் இவ்வேலையைச் செய்யலாகாது. அடிவிளிம்பின் கூர்மையை மிக இலேசாக மழுக்கிவிட்டால், பின்னர்ப் பதிக்கும்போது விளிம்பு உடையாது.

நான்காவது, குச்சியில் பொருத்துதல். அரக்கை விளக்கில் உருக்கிக் குச்சியின் முனையில் குமிழாகத் திரட்ட வேண்டும். கல்லையும் மெல்ல மெல்லச் சூடேற்றி, தட்டையான அடிப்புறத்தை அரக்கில் அழுத்தி, நனைத்த விரலால் அரக்கைச் சுற்றிலும் அணைத்துவிட வேண்டும். குளிர்ந்த கல்லில் அரக்கு ஒட்டாது. பாதி வேலையில் கல் கழன்று விழும்.

ஐந்தாவது, குமிழ் அமைத்தல். தொழிலின் உயிர்நிலை இதுவே. எடுத்தவுடன் உருண்டையாக்க முயலலாகாது. அடியிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்துக்கு விளிம்பைத் தொடாமல் விட்டு, அதற்குமேல் சாய்வாகச் சுற்றிலும் ஒரே அளவாகத் தேய்க்க வேண்டும். பிறகு அதற்கு மேலே இன்னும் படுக்கையான ஒரு சாய்வு. அதற்கும் மேலே மற்றொரு சாய்வு. இவ்வாறு மூன்று படிகள் அமைந்தபின், படிகளுக்கு இடையேயுள்ள முனைகளைக் குச்சியை உருட்டி உருட்டித் தேய்த்தால் குமிழ் தானே உருவாகும். படிகளாக அமைக்காமல் தேய்ப்பவரின் கல் ஒருபுறம் சரிந்தும் உச்சி தட்டையாகவும் முடியும்.

ஆறாவது, கீறல்களை நீக்குதல். மரத்துண்டின்மேல் மெத்தென்ற துணியை மடித்து வைத்து, அதன்மேல் நனைத்த வாட்டர் பேப்பரை விரித்துத் தேய்க்க வேண்டும். துணியின் மென்மையால் தாள் குமிழின் வளைவுக்கு இணங்கிக் கொடுக்கும். முதலில் 400, பின்னர் 600, அதன்பின் 1200. ஒவ்வொரு நிலையிலும் முந்திய நிலையின் கீறல்கள் முழுவதும் மறைந்த பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். கல்லைத் துடைத்து உலர்த்தி, ஒற்றை விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பார்த்தால் கீறல் தெரிந்துவிடும். ஈரக்கல் எப்போதும் அழகாகவே தோன்றி நம்மை ஏமாற்றும். நிலைக்கு நிலை கல்லையும் கையையும் குச்சியையும் வெவ்வேறு பாத்திர நீரில் கழுவ வேண்டும். நயமான தாளில் பருமணல் ஒரு துகள் கலந்தாலும் ஒரு மாலைப்பொழுதின் உழைப்பு பாழாகும்.

ஏழாவது, மெருகு. மரத்துண்டில் ஒட்டிய தோலின் சொரசொரப்பான பக்கத்தில் சீரியம் ஆக்சைடைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, சற்றே ஈரம் குறைந்த நிலையில் அழுத்தித் தேய்த்தால் கண்ணாடி போன்ற பளபளப்பு தோன்றும். விளக்கின் பிம்பம் குமிழின்மேல் நெளிவின்றி வழுக்கிச் சென்றால் வேலை முடிந்தது. நெளிந்து தாவினால் அவ்விடத்தில் பள்ளம் உண்டு; முந்திய நிலைக்குத் திரும்ப வேண்டும். மெருகு கீறலை நீக்காது. இருக்கும் கீறலை ஊருக்குக் காட்டும். நாமும் முதற்கல்லில் 600 எண் தாளைப் பொறுமையின்றி விட்டுவிட்டு மெருகுக்குச் சென்றோம். மூன்று நாள் உழைப்புக்குப் பின் கிடைத்தது பளபளக்கும் கீறல்களே.

இறுதியாகக் குச்சியைக் குளிர்ந்த நீரில் சிறிது நேரம் வைத்தால் அரக்கு சுருங்கிக் கல் கழன்றுவிடும். ஒட்டிய அரக்கை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தெடுக்கலாம். அப்போது அருகில் நெருப்பு இருத்தலாகாது.

கையால் ஒரு கல்லை முடிக்கச் சில நாள் மாலைப்பொழுதுகள் செல்லும். இதனைக் கண்டு மனம் தளர வேண்டுவதில்லை. கையால் தேய்த்துக் கற்றவரே கல்லின் போக்கை அறிவார். இயந்திரம் வேகத்தைத் தருமேயன்றி அறிவைத் தருவதில்லை.

சந்திரகாந்தக் கல்லுக்குத் தனிக் கவனம்

பத்துக் கற்களை இழைத்துப் பழகியபின் சந்திரகாந்தக் கல்லைத் தொடலாம். இக்கல்லினுள் மிக நுண்ணிய இரு வகைத் தாதுக்கள் ஏடு ஏடாக அடுக்கப்பட்டுள்ளன. அவ்வேடுகளின்மேல் ஒளி பட்டுச் சிதறுவதே நிலவொளியாகத் தோன்றுகிறது. ஆதலால் ஒளி தோன்றும் தளத்துக்கு இணையாகக் கல்லின் அடிப்புறம் அமைய வேண்டும். நனைத்த கல்லை விளக்கின்கீழ் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்து, எப்பக்கம் மேலே இருக்கும்போது ஒளி நடுவில் திரண்டு தோன்றுகிறதோ அப்பக்கத்தை உச்சியாகக் கொள்ள வேண்டும். இதனை அறியாமல் அறுத்துவிட்டால் உயர்ந்த கல்லும் வெறும் வெண்கல்லாகிவிடும். மேலும் இக்கல் இரு திசைகளில் எளிதில் பிளக்கும் தன்மையுடையது. தட்டலாகாது, திடீரென்று சூடேற்றலாகாது, சூடான கல்லைத் தண்ணீரில் போடலாகாது.

இயந்திரம் எப்போது?

கைவேலையில் தேர்ச்சி பெற்று, வாங்குவோரையும் கண்டறிந்த பின்னரே இயந்திரத்தைப் பற்றி எண்ண வேண்டும். கால் குதிரைத்திறன் மோட்டாரும், ஆறு அங்குலச் சக்கரங்கள் இரண்டும், நீர் சொட்டும் அமைப்பும் ஒரு குடும்பத்துக்குப் போதும். சக்கரத்தில் அச்சிட்டுள்ள உச்ச வேகத்தைவிட மோட்டாரின் வேகம் குறைவாக இருத்தல் வேண்டும். வேலை முடிந்தபின் நீரை நிறுத்தி, சக்கரத்தைச் சிறிது நேரம் வெறுமனே ஓடவிட்டு ஈரத்தைப் போக்கிய பின்னரே நிறுத்த வேண்டும். கார்போரண்டச் சக்கரம் நீரில் நின்றால் ஒருபுறம் மட்டும் நீர் ஊறிக் கனமாகி, மறுநாள் சுழலும்போது உடைந்து சிதறக் கூடும். ஈரக்கையோடு மின்சாரத்தில் வேலை செய்வதால், தரை இணைப்பும் மின்கசிவுத் துண்டிப்பானும் இன்றியமையாதவை. தளர்ந்த உடையும் தொங்கும் கூந்தலும் சக்கரத்தருகே கூடாது.

வரவும் செலவும்

இத்தொழிலால் விரைவில் செல்வந்தராகலாம் என்று கூறுவோரை நம்ப வேண்டா. விலை குறைந்த கற்களை இயந்திரங்கள் ஆயிரக்கணக்கில் செய்து குவிக்கின்றன. அவற்றோடு விலையில் போட்டியிடுதல் இயலாது. கைவினைஞருக்குரிய இடம் வேறு. நகையில் விழுந்துவிட்ட கல்லுக்கு மாற்றுக்கல் இழைத்துத் தருதல், மங்கிய பழங்கல்லுக்கு மறுமெருகு இடுதல், கல்லின் இயல்பறிந்து ஒளியை நடுவில் நிறுத்தி இழைத்தல் ஆகியவற்றில்தான் கைவினைஞருக்கு மதிப்பு உண்டு. பக்கத்து நகரத்துத் தட்டார் ஒருவர் இருவரிடம் நட்புக் கொண்டு, அவருக்கு எந்த அளவு வேண்டும் என்று கேட்டறிந்து செய்வதே தொடக்கத்தில் சிறந்த வழி.

ஒவ்வொரு கல்லுக்கும் சென்ற நேரம், பொடியின் செலவு, விற்ற விலை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். பத்துக் கற்களின் கணக்கைப் பார்த்தபின், ஒரு மணி நேர உழைப்புக்கு என்ன கிடைத்தது என்பது தெளியும். அக்கணக்கு சாதகமாக இருந்தால் மட்டுமே இயந்திரத்துக்குப் பணம் ஒதுக்கலாம். கணக்குப் பார்க்காமல் கடன் வாங்குதல், மண்ணைச் சோதிக்காமல் கிணறு வெட்டுவது போன்றதே. எடையைப் பொறுத்தவரை ஐந்து கேரட் ஒரு கிராம் என்பதை நினைவிற் கொண்டால் ஏமாற்றம் நேராது.

நாணயம் இத்தொழிலின் மூலதனம். பால் நிறக் கண்ணாடியைச் சந்திரகாந்தம் என்று விற்போர் உண்டு; சாயமேற்றிய கல்லை இயற்கை நிறம் என்போரும் உண்டு. ஒருமுறை பொய் சொன்னவரின் கல்லைத் தட்டார் மறுமுறை வாங்கார்.

பஞ்சாயத்துக்கள் செய்யத் தக்கவை

ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே இயந்திரம் வைப்பதைவிட, ஊருக்குப் பொதுவாக ஒரு கூடம் அமைப்பது பல வகையிலும் நன்று. குடியிருப்பிலிருந்து சற்று விலகி, காற்றோட்டமும் நீர் வசதியும் உடைய ஓர் அறை போதும். செலவைப் பலர் பகிர்ந்து கொள்ளலாம். தூசியும் வீட்டினுள் புகாது. தெளிவுத் தொட்டி ஒன்றைக் கட்டினால் சேறு சாக்கடைக்குச் செல்லாது. மகளிர் சுய உதவிக் குழுக்களும் இக்கூடத்தைப் பயன்படுத்தலாம். கூடத்தின் சுவரில் “நீரின்றிக் கல்லைத் தொடாதே” என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தல் வேண்டும்.

உலர்ந்த கல்லைத் தேய்க்கும் பட்டறை எதுவாயினும், எவருடையதாயினும், அதனைத் தடுத்துத் திருத்தும் துணிவு பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு வேண்டும். வேலை செய்வோருக்கு ஆண்டுக்கு ஒரு முறையேனும் மார்புப் பரிசோதனை நடைபெற, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தாரின் உதவியை நாடலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடிப்பவர், தம் தொழில் இன்னதென்று மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும். அதனைச் சொல்லாவிடில் நோயின் மூலத்தை மருத்துவர் அறிவது அரிது.

நிறைவாக ஒன்று கூறுவோம். ஒரு வெண்கல், ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு பிடி பொடி, ஒரு செம்பு நீர் ஆகியவற்றோடு இத்தொழிலை நாளை மாலையே தொடங்கலாம். முதற்கல் கோணலாகத்தான் அமையும். அதனை எறிந்துவிடாமல் வைத்திருந்து, பத்தாவது கல்லோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையேயுள்ள வேற்றுமையே நீங்கள் பெற்ற கல்வி. நான்கு பொருள்களில் எது குறைந்தாலும் மற்றொன்றால் ஒருவாறு ஈடுகட்டிக் கொள்ளலாம். நீர் குறைந்தால் மட்டும் வேலையை அன்றே நிறுத்திவிடுங்கள்.